பன்னிரண்டு பாய்களுக்கு ஆள் பிடித்த கதை

ஊர்க் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பிழைப்பு அப்படி. இருபது வருடமாகப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் ஏலம் விடுகிறேன். காலையில் படகுகள் கரை தட்டியதும் இறாலையும் நண்டையும் மடவையையும் குவித்து வைப்பார்கள். நான் நடுவில் நின்று கூவ வேண்டும். விலை ஏறாவிட்டாலும் கூவ வேண்டும், அப்போதுதான் ஏறும். இப்படி வாயை வைத்தே பிழைக்கும் ஆளுக்கு எங்கே கூவலாம், எங்கே கூடாது என்கிற அறிவு நாளாவட்டத்தில் மழுங்கிவிடுகிறது.

போன கார்த்திகை அமாவாசைக் கூட்டத்தில் தலைவர், "இந்த வருஷமும் படகுப் போட்டி இல்ல" என்று சொன்னார். காணும் பொங்கலன்று எங்கள் ஏரியில் நடக்கும் போட்டி அது. பன்னிரண்டு படகு, பன்னிரண்டு பாய், இஞ்சின் கிடையாது, காற்று மட்டும்தான். இரண்டு வருடமாக நடக்கவில்லை. பரிசு, பந்தல், சாப்பாடு, கவிழ்ந்தவர்களைத் தூக்க நிற்கும் படகுகளுக்கு டீசல் என்று செலவு ஏறிவிட்டது. வீட்டுக்கு வீடு வசூல் செய்யவும் யாருக்கும் மனசில்லை. கட்சிக்காரர்களிடம் வாங்கினால் பாயில் கொடியை வரையச் சொல்வார்கள், அப்புறம் பாதிப் படகு தண்ணீரில் இறங்காது. மீன்பிடிப்பைக் கெடுப்பதாக நாங்கள் எதிர்க்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் கை நீட்டுவதில்லை என்று ஊர் எப்போதோ முடிவு செய்தாகிவிட்டது. ஆகவே இல்லை என்றார் தலைவர். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்துகொண்டேன்.

"இன்னா தலைவரே, நாட்டுல கடையா இல்ல, கம்பெனியா இல்ல? ஸ்பான்சர் புடிச்சா முடிஞ்சிது மேட்டரு. டி.வி.ல கிரிக்கெட் பாக்கறதில்ல? சட்ட பூரா கம்பெனி பேரு ஒட்டிக்கினு ஆடறான். சட்டயிலயே அவ்ளோ எடம்னா நம்ம பாயில எவ்ளோ எடம் கீது!"

சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். கைதட்டல் எனக்கு ஆகாத வஸ்து. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்குமே, அந்த மாதிரி எனக்குக் கைதட்டலைக் கேட்டால் வாய் தடிக்கும்.

"அடுத்த அமாவாசக்குள்ள பன்னெண்டு பாய்க்கும் நான் ஆள் புடிச்சாறேன். புடிக்கலன்னா ஏலம் வுடற எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுங்க!"

ஏலம் விடும் இடம் ஊர் கொடுப்பது. ஊர் நினைத்தால் மாற்றிக் கொடுக்கலாம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், தேன் ஒழுக, "தலைவரே, மாமா சொன்னத நோட்டுல எழுதிக்குங்க" என்றது. என் மனைவியின் தம்பி. அந்த இடத்தின் மேல் அவனுக்கு ஐந்தாறு வருடமாகக் கண். தலைவர் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடிய சத்தத்தில்தான் நான் என்ன பேசினேன் என்பதே எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"யோவ், எடம் போச்சின்னா இன்னா பண்ணுவ?"

"போவாது."

"வலை வலிக்கத் தெரியுமா உனுக்கு?"

"தெரியாது."

"கூவறதத் தவிர இன்னா தெரியும்?"

அவள் கையிலிருந்த நண்டை வாங்கிக் கழுவிப் பார்த்தேன். அதுவும் சரியாக வரவில்லை.

மறுநாள் ஏலம் முடிந்ததும் நோட்டும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வது. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், வாசலுக்குப் போய் மேகம் பார்த்தேன், வந்து "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதினேன், மறுபடி எழுந்தேன். கூவும்போது எதிரில் முகம் இருக்கும். அந்த முகம் சுளித்தால் இறங்கலாம், மலர்ந்தால் ஏறலாம். காகிதம் சுளிக்கவும் இல்லை, மலரவும் இல்லை. மூன்று நாளில் நான்கு முறை டீக்கடைக்குப் போனால் எழுத்தாளன் என்று சொல்லலாம். நான் ஒரே காலையில் ஒன்பது முறை போனேன். டீக்கடைக்காரர் ஆறாவது முறையே காசு வாங்காமல் என்னைப் பாவமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒருவழியாக நான்கு பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுக்க ஏரியின் பெருமை. கடல் எங்கே உள்ளே வருகிறது, பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்றெல்லாம். இரண்டாம் பக்கம் போட்டியின் பெருமை. மூன்றாம் பக்கம் ஊரின் கஷ்டம். எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. நான்காம் பக்கத்தின் கடைசியில்தான் விஷயம். அதை எழுதி முடித்தபோது நான் எழுதியதிலேயே நேர்மையான வரி இதுதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

"ஸ்பான்சர்கள் அனைவரும் சமம். யார் எவ்வளவு கொடுத்தாலும், யாருடைய பெயர் எந்தப் படகின் பாயில் வரும் என்பது ஊர் வழக்கப்படி சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படும்."

இதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட யோசனை தேவைப்படவில்லை. எங்கள் ஏரியில் மீன் பிடிப்பதே அப்படித்தான். ஏரிக்குள் வலை போடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லா இடமும் ஒன்றல்ல. ஒரு பாடு இறாலாகக் கொட்டும், இன்னொன்றில் பாசிதான் கொட்டும். அதனால் யாருக்கு எந்த நாள் எந்தப் பாடு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். தலைவராக இருந்தாலும் பாசி வந்தால் பாசிதான். நல்ல பாடு எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்த மூளைக்கு உலகத்தில் இடம் என்று ஒன்றைப் பிரித்துக் கொடுக்க வேறு வழி இருப்பதே தோன்றவில்லை.

பழவேற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் டைப் அடிக்கக் கொடுத்தேன். மழை. கடையில் என்னைத் தவிர யாருமில்லை. அடித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, இதப் படிக்கறவருக்கு இன்னா கெடைக்கும்னு எங்கயுமே இல்லியே."

"கடைசிப் பக்கத்துல கீது மா."

"அதுவரிக்கும் அவரு இருக்கணுமே."

எனக்குக் கோபம் வந்தது. எழுதத் தெரிந்தவனுக்குத்தான் எழுத்தைக் குறை சொன்னால் கோபம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது.

அந்த நான்கு பக்கத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். அங்கே படகு இஞ்சின் விற்கும் ஷோரூம் ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் பாதிப் பேர் அங்கேதான் இஞ்சின் வாங்குவார்கள். முதலாளிக்கு என் வயதிருக்கும். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா. நனைந்த சட்டையோடு அந்த சோபாவில் புதைந்து உட்கார்ந்தேன். எழுந்து ஓட வேண்டுமென்றால்கூட இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். என் தொண்டை அடைத்த பக்கத்தை அவர் விரல் நிறுத்தாமலே கடந்தது. பிறகு மொத்தத்தையும் மூடி வைத்துவிட்டுச் சாந்தமாகக் கேட்டார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"சார்?"

"ஏரி இருக்கு. பறவ இருக்கு. நீங்க இருக்கீங்க, உங்க கஷ்டம் இருக்கு. என்னக் காணோமே."

கடைசிப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன், சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார்.

"ஐயா, நான் அம்பதாயிரம் குடுத்து, பக்கத்து டீக்கட அஞ்சாயிரம் குடுத்தாலும் ரெண்டு பேரும் ஒண்ணா?"

"ஆமா சார்."

"சீட்டுல நல்ல படகு அவருக்குப் போனா?"

"அது அவரு அதிர்ஷ்டம் சார்."

"அப்ப நான் எதுக்கு அம்பதாயிரம் குடுக்கணும்?"

இந்தக் கேள்விக்கு நான்கு பக்கத்தில் எங்கேயும் பதில் இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இஞ்சின்காரர் இல்லை, வலைக் கடைக்காரர் கேட்பார், அவர் இல்லையென்றால் ஐஸ் பேக்டரிக்காரர் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். வலைக் கடைக்காரரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஐஸ் பேக்டரிக்காரர் கேள்வியே கேட்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பில் புத்தகத்துக்கு அடியில் வைத்து, "பாக்கலாம்" என்றார். ஏலத்தில் "பாக்கலாம்" என்று சொல்லும் ஆளை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். பார்க்கவே மாட்டார்.

பத்து நாள் போய்விட்டது. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீ இன்னா வேல பண்ற?"

"இன்னாடி கேள்வி இது?"

"ஏலம் தான வுடற? ஜாஸ்தி குடுக்கறவனுக்கு நல்ல கூட. கம்மி குடுக்கறவனுக்கு பொடிசு. டெய்லி அதான கூவற? காயிதத்துல எழுதும்போது மட்டும் இன்னாத்துக்கு எல்லாம் சமம்னு எழுதின?"

சோற்றில் கை அப்படியே நின்றது. இருபது வருடம் அதிக விலைக்குத் தள்ளிவிடுவதையே தொழிலாக வைத்திருந்தவன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வியாபாரியிடம் போய், நீங்கள் அதிகம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கையைக் கழுவிவிட்டு ஓடினேன். ஜெராக்ஸ் கடைப் பெண் கம்ப்யூட்டரில் இதற்கென்று மாதிரிகள் இருக்கின்றன என்று எடுத்துக் காட்டினாள். வைர ஸ்பான்சர், தங்க ஸ்பான்சர், வெள்ளி ஸ்பான்சர். அடடா என்றிருந்தது. அப்படியே எங்கள் ஊருக்குப் பொருத்தினேன். வைரக்காரருக்கு நீலப் படகின் பாய். கடைசியாகப் போட்டி நடந்த மூன்று முறையும் முதலில் வந்தது அந்த நீலப் படகுதான். தங்கக்காரர்களுக்கு அடுத்த நான்கு. வெள்ளிக்கு மிச்சம். மிச்சத்தில் ஒன்று, ஊரே ஆமை என்று கூப்பிடும் படகு. அதைப் பற்றி நான் விரிவாக எழுதவில்லை.

இஞ்சின்காரருக்கு போனிலேயே படித்துக் காட்டினேன். "இப்பத்தான் வெளங்குது. நீலப் படகு எனக்கு, எடுத்து வைங்க" என்றார். அன்று மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து வெற்றிலையைக்கூட மடிக்கவில்லை, தலைவர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. என் மச்சான் முந்திக்கொண்டிருந்தான். ஜெராக்ஸ் கடையில் ஏதோ எடுக்கப் போனவன் என் காகிதத்தையும் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

கோயில் முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நீலப் படகுக்காரர் முதல் ஆளாக எழுந்தார்.

"இன்னாபா, என் படகு நல்ல வெலைக்குப் போச்சாமே. எனுக்கே தெரியாம வித்துட்ட?"

"படக விக்கல அண்ணே, பாயில எழுத…"

ஆமைப் படகுக்காரர் அவரைவிடச் சூடு. "என்து வெள்ளியா? யாரு முடிவு பண்ணது? இன்னும் காத்தே வரல, நீயே கடைசின்னு எழுதி வச்சிட்ட?"

தலைவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். அவர் நிதானமாகப் பேசினால்தான் பயம்.

"டேய், ஏரில எடத்த யாராச்சும் காசுக்கு வாங்கிக் கீறானா? எங்கப்பன் காலத்துலயும் இல்ல. இன்னிக்கு பாயில நல்ல எடம் பணக்காரனுக்குன்னு வுட்டா, நாளைக்கு ஒருத்தன் வந்து தண்ணில நல்ல எடம் எனுக்குன்னு கேப்பான். அப்ப இன்னா சொல்லுவ? ஊரு வழக்கம் சீட்டு. சீட்டுல குடுக்கறதா இருந்தா குடு. இல்லன்னா வாணாம்."

"சீட்டுன்னா ஸ்பான்சர் தர மாட்டான் தலைவரே."

"அது உன் பாடு."

மச்சான் மூக்கைத் தடவிக்கொண்டு, "அமாவாசக்கி இன்னும் பன்னெண்டு நாள் கீது மாமா. நெறய டைம் கீது" என்றான். அந்த ஆறுதலுக்குப் பதில் அவன் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

இஞ்சின்காரருக்கு போன் செய்து நீலப் படகு இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன். ஒருமுறை தைரியம் வந்து அடித்தேன். அவர் எடுத்ததும் ராங் நம்பர் என்று குரலை மாற்றிச் சொல்லி வைத்துவிட்டேன். என் பெயர் அவர் போனில் தெரியும் என்பது வைத்த பிறகு ஞாபகம் வந்தது. மறுநாள் ஏலத்தில் நண்டுக் கூடையை இறால் என்று கூவினேன். ஏலத்தில் மீன் எடுக்கும் கூடைக்காரப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்னா ஏலக்காரரே, இறாலுக்குக் கொடுக்கு மொளச்சிருக்கு?"

அந்த வாரம் பாடு பிரிக்கச் சீட்டுக் குலுக்கும் நாள் வந்தது. எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் நிலைகொள்ளாமல்தான் போய் நின்றேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிழக்குத் தெரு வீடு ஒன்று: போன வருடம்வரை அப்பாவுக்கு ஒரே சீட்டு. இப்போது இரண்டு பிள்ளைகளும் கல்யாணமாகித் தனித்தனி வலை வைத்துக்கொண்டார்கள். ஆக அந்த வீட்டுக்கு மூன்று சீட்டு. அப்பா எடுத்தார்: பாசி. பெரியவன் எடுத்தான்: பாசி. சின்னவன் எடுத்தான்: ஏரியிலேயே நல்ல பாடு. மூவரும் தோளைத் தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள்.

நான் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டுக்கு நல்ல இடத்தை யாரும் விற்கவில்லை. ஆனால் மூன்று தடவை கையை விட முடிந்தது. அதற்கு ஊரில் யாரும் முணுமுணுக்கவும் இல்லை. வலை மூன்று என்றால் சீட்டும் மூன்று.

தலைவரிடம் ஓடினேன். மூச்சு வாங்க, "பன்னெண்டு பாயும் ஒரே வெல. ஒரு பாய் எடுத்தா ஒரு சீட்டு, நாலு பாய் எடுத்தா நாலு சீட்டு. எது எந்தப் படகுன்னு குலுக்கலு" என்றேன்.

அவர் வேட்டியில் கை துடைத்தார். "நல்ல எடத்துக்கு ஜாஸ்தி வெல இல்லியே?"

"இல்ல."

"சீட்டு உன் கையில இல்லியே?"

"உங்க கையில தலைவரே."

"அப்ப சரி. இதுக்கு எதுக்கு ஓடியாந்த?"

மூன்றாவது காகிதத்தை வீட்டில் எழுதவில்லை. ஏலம் விடும் இடத்திலேயே, எல்லோரும் போன பிறகு, கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்து எழுதினேன். எதிரில் இஞ்சின்காரர் நிற்பதாகவும் முகம் சுளிப்பதாகவும் நினைத்துக்கொண்டு வாய்விட்டுக் கூவிப் பார்த்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதினேன். நாய் ஒன்று பயந்து எழுந்து போனது. முதல் வரியில் ஏரி இல்லை. "உங்கள் கடையில் இஞ்சின் வாங்கும் ஊர்க்காரர்கள் காணும் பொங்கலன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே கரையில் நின்று பன்னிரண்டு பாய்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள்." அடுத்து, சுண்ணாம்புக்குளத்திலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் எந்தெந்த ஊர்க்காரர்கள் வருவார்கள் என்று. எத்தனை ஆயிரம் என்று போடக் கை துடித்தது; எண்ணிப் பார்த்ததில்லை என்பதால் போடவில்லை. பாயின் அகலம் எத்தனை முழம், கரையிலிருந்து எழுத்து தெரிய எவ்வளவு பெரிதாக எழுத வேண்டும் என்று அளந்து போட்டேன். கரையில் அவர் மெக்கானிக் ஒரு மேசை போட்டு அன்று முழுக்க இலவசமாக இஞ்சின் பார்த்துக் கொடுக்கலாம், அதற்கு இடம் ஊர் தரும் என்றேன். பணம் எதற்குப் போகும் என்று நான்கே வரி. சீட்டு எப்படி என்று மூன்று வரி, ஒளிக்காமல், நடுவிலேயே. ஐஸ் பேக்டரிக்கு எழுதியதில் மெக்கானிக்கை எடுத்துவிட்டு, மத்தியானம் மோர் வைக்கும் பெட்டிகளுக்கு உங்கள் ஐஸ், உங்கள் பெயர் என்று போட்டேன். எல்லாம் ஒரு பக்கம். ஊரின் கஷ்டம் ஒரு வரிகூட இல்லை. ஜெராக்ஸ் கடைப் பெண் அடித்து முடித்துவிட்டு, "அண்ணா, நீங்க தான எழுதினீங்க?" என்று கேட்டாள்.

பொன்னேரி ஷோரூமில் இந்த முறை சோபாவில் உட்காரவில்லை.

"நின்னுக்கினே பேசறேன் சார், எனுக்கு ஓட வசதி."

அவர் முழுப் பக்கத்தையும் படித்தார். சீட்டு வரியில் விரல் நின்றது.

"அப்ப நீலப் படகு வராமலும் போகலாம்."

"போலாம் சார்."

"அந்தக் கடைசிப் படகு வரலாம்."

"வரலாம். பொய் சொல்ல மாட்டேன்."

"நாலு எடுத்தா?"

"நாலு தபா கைய வுடலாம்."

நாற்காலியில் சாய்ந்தார். கண்ணில் ஒரு மினுமினுப்பு வந்தது. ஏலத்தில் நான் தினமும் பார்ப்பது அது: பக்கத்து ஆள் முந்திவிடுவானோ என்கிற மினுமினுப்பு. "வேற யாரு கேட்டிருக்காங்க?" என்றார். "இப்பதான் சார் கெளம்பி இருக்கேன்" என்றேன். உண்மைதான். அடுத்த கடைக்கு நான் உண்மையிலேயே கிளம்பிக்கொண்டிருந்தேன்.

நான்கு எடுத்தார். ஐஸ் பேக்டரி இரண்டு. வலைக் கடை ஒன்று. பழவேற்காட்டு மருந்துக் கடை, கும்மிடிப்பூண்டியில் ஒரு துணிக் கடை, ஸ்வீட் ஸ்டால், சிமெண்ட் கடை. அமாவாசை அன்று காலையில் எண்ணிப் பார்த்தபோது பதினொன்று. ஒன்று குறைந்தது. சொன்னது பன்னிரண்டு. தலைவர் நோட்டில் இருப்பதும் பன்னிரண்டு. ஒரு பாய் வெறுமையாக இருந்தால் என்ன என்று கேட்கலாம்தான். மச்சான் இல்லாத ஊராக இருந்தால்.

ஏலம் விட நின்றேன். குரல் எழும்பவில்லை. கூட்டம் சாயங்காலம் நான்கு மணிக்கு. கூடைக்காரப் பெண்களில் மூத்தவர், என்னை எப்போதும் விலையில் இழுத்தடிப்பவர், இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா நைனா, ஒப்பாரி மாதிரி கூவற?"

சொன்னேன். ஒரு பாய் மிச்சம், நாளைக்கு இந்த இடத்தில் என் மச்சான் நிற்பான் என்று.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டுப் பேர். பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் தினமும் கூடை சுமந்து போய் விற்கிறவர்கள். "அவனா?" என்றாள் ஒருத்தி. "அவன் கறாரு ஆச்சே. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படபடன்னு முடிச்சிடுவான். மூச்சு வுட முடியாது."

மூத்தவர் கையை நீட்டினார். "அந்தக் காயிதத்தப் படி."

படித்தேன். இஞ்சினையும் ஐஸையும் தாண்டிக்கொண்டு படித்தேன்.

"இதுல நாங்க எங்க கீறோம்?"

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வியாபாரிகளைத் தேடி ஒரு மாதம் பஸ்ஸில் அலைந்தவன் நான். "நீங்க இல்ல," என்றேன். "எழுதல."

"எழுது. போட்டி அன்னிக்கு கரையில வறுத்த மீனு நாங்க மட்டும்தான் விப்போம். வெளி ஆளு கட போடக்கூடாது. பாயில எங்க எட்டுப் பேர் பேரும் வரணும்."

"எட்டுப் பேரா? எடம் பத்தாதே அக்கா."

"எழுத்தச் சின்னதாப் போடு."

"சின்னதாப் போட்டா கரைக்குத் தெரியாது."

"அப்ப பாயப் பெரிசாத் தைய்யி."

கடைசியில், "கூடைக்காரங்க எட்டுப் பேர்" என்று பெரிதாக எழுதுவது என முடிவானது. அதையும் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை, இழுத்தார்கள். கூடையின்மேல் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதினேன். மூத்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "உன் மேல பாசம்னு நெனச்சிக்காத. நீ இருந்தா தான் எங்களுக்கு நாலு காசு கம்மியாக் கெடைக்குது."

இதைக் கேட்டு நான் அவமானப்பட்டிருக்க வேண்டும். காசை இருமுறை எண்ணி மடியில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் கூட்டத்தில், பாய்க்கு ஒன்றாகப் பன்னிரண்டு காகிதத்தையும் தலைவர் முன்னால் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாக விரலில் எச்சில் தொட்டு எண்ணினார். மச்சான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று தானும் எண்ணினான். கடைசிக் காகிதத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"மாமா, கூடைக்காரங்க எல்லாம் ஒரு கம்பெனியா?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து மூத்தவர் குரல் வந்தது. "ஏன்டா, உனுக்கு கடன் மீனு வேணும்னா மட்டும் நாங்க கம்பெனியா?"

தலைவர் நோட்டைத் திறந்து, ஒரு மாதத்துக்கு முன் எழுதிய வரியின்மேல் கோடு போட்டார்.

அப்போதே குலுக்கல். இஞ்சின்காரர் காரில் வந்திருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு குடத்துக்குள் கை விட்டார். நான்கு சீட்டு எடுத்தார். சாதாரணப் படகுகள் மூன்று. நான்காவதைப் பிரித்தார். ஆமை. கூட்டம் கூரை பிய்கிற மாதிரி சிரித்தது. ஆமைப் படகுக்காரர் மட்டும் கம்பீரமாக எழுந்து வந்து அவரிடம் கை குலுக்கினார். நீலப் படகு கூடைக்காரப் பெண்களுக்குப் போனது.

"அத மாத்திக்க முடியாதா?" என்று இஞ்சின்காரர் என் காதருகே கேட்டார். "வேணும்னா அவங்களுக்கு ஏதாவது சேத்து…"

"வாணாம் சார்" என்றார் மூத்தவர், தூரத்திலிருந்தே. காது அப்படி.

அடுத்த நாளிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு இஞ்சின்காரர் போன். வாடைக் காற்று எப்படி? ஆமையில் யார் பாய் பிடிக்கிறார்கள்? பாயைப் புதிதாகத் தைத்தால் வேகம் வருமா? நேற்று ஏரியில் பழகினார்களா, எத்தனையாவதாக வந்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சேற்றில் நின்று, கையை வாய்க்குக் குவித்து, அந்தப் படகைப் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. அந்த நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்தது.

"அது கவுந்துடாதே?"

"கவுந்தாலும் பயப்படாதீங்க சார்" என்றேன். "பாய் தண்ணி மேலதான் மெதக்கும். உங்க பேரு நல்லாவே தெரியும்."